தூங்காத சாம்பல்

எங்கள் கால்வாய்க்கரை ஊரான பாரிட் லெங்குவாஸில் நாயை விரட்டக்கூட ஒரு கல் கிடையாது. குனிந்து அள்ளினால் கையில் வருவது ஊறிப்போன வேரும் பட்டையும்தான். எந்தக் காலத்திலோ விழுந்த காடு தண்ணீருக்குள் மக்கி மக்கி இரண்டு ஆள் ஆழத்துக்குக் கிடக்கிறது. கம்புட் என்போம். அதன்மேல்தான் வீடு, அதன்மேல்தான் கீரைப் பாத்தி. ஒருத்தர் வேகமாக நடந்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் தட்டு குலுங்கும். கால்வாய்த் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடும், வாயில் வைத்தால் புளிக்கும்.

அந்த மண்ணில் பயிர் சும்மா வந்துவிடாது கண்ணுகளா. ஜாவாவிலிருந்து எங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கிய வருஷம் நட்ட சோளம் முழங்கால் உயரத்தில் இலையெல்லாம் ஊதாவாகி நின்றுவிட்டது. ஊதா நிறம் மணிச்சத்துப் பஞ்சம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று மந்திரிக்கிறவரைக் கூட்டி வந்தோம். அவர் ஒரு சேவலோடு திரும்பிப் போனார், சோளம் ஊதாவாகவே இருந்தது. பிறகு கடை உரம் போட்டுப் பார்த்தோம். இந்த மண் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஒரு மழைக்கு எல்லாம் கால்வாயில் இறங்கியது. பாசிதான் செழித்தது.

கடைசியில் சியாந்தான் பக்கத்துச் சீனக் குடியானவர்களைப் பார்த்துத்தான் சாம்பல் குடிசை போடக் கற்றுக்கொண்டோம். நாலு கம்பம், மேலே தகரம், சுற்றிலும் இடுப்பளவு பலகை. களை, மரத்தூள், எண்ணெய்ப்பனை ஆலையில் வெளியே எறிகிற வெறுங்குலை, எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூட்டமாகப் புகைய விடுவோம். அதோடு பொந்தியானாக் சந்தையில் கழிக்கிற மீன் தலை, இறால் ஓடு, கோழி எலும்பு. வெறும் குலைச் சாம்பல் மண்ணின் புளிப்பைத்தான் எடுக்கும். எலும்பும் ஓடும் சேர்ந்தால்தான் வேர் பிடிக்கிற சத்து வரும். அந்தச் சாம்பலைத் தின்றால், பூண்டு மணக்கிற குச்சாய்க் கீரை விரல் தடிமனில் வரும். நகரத்தில் கீரைக் கொழுக்கட்டை அவிக்கிற சீனத்து அக்காமார், பாரிட் லெங்குவாஸ் குச்சாய் வந்துவிட்டதா என்று படகுத்துறையிலேயே கேட்பார்கள்.

குடிசைத் தரை மட்டும் களிமண். கப்புவாஸ் ஆற்றங்கரையிலிருந்து படகு படகாகக் கொண்டுவந்து மிதித்துப் போட்டது. ஏன் அந்தப் பாடு என்றால், கம்புட்டில் நெருப்பு பட்டால் அது கீழே இறங்கிவிடும். மேலே சுடர் இருக்காது. மண்ணுக்குள்ளேயே தின்றுகொண்டு போய் எங்கோ ஒரு மரத்தடியில் புகையாக எழும். அப்புறம் அதைப் பிடிப்பது, தரைக்கு அடியில் ஓடுகிற எலியைக் கைத்தடியால் அடிப்பது மாதிரி.

அதனால் சாம்பலுக்கு எங்களிடம் சட்டம் உண்டு. கால்வாயில் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் யாரும் புதிதாக மூட்டக் கூடாது. இன்னொன்று, சாம்பல் தூங்கி எழ வேண்டும். எரிந்து முடிந்ததும் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, உள்ளே ஒளிந்திருக்கிற கங்கு தானாகச் சாகிறவரை விட்டுவிட வேண்டும். எத்தனை நாள் என்று கணக்குக் கிடையாது. குடிசைக்கு உரியவர் சட்டையை மடித்து முழங்கை வரை கையைச் சாம்பலுக்குள் நுழைத்து, தொழுகையில் ஓதுகிற ஃபாத்திஹாவின் ஏழு வரியையும் ஓதி முடிக்க வேண்டும். ஓதி முடிகிறவரை கை தாங்கினால் சாம்பல் எழுந்துவிட்டது என்று அர்த்தம். தாங்காவிட்டால் மறுபடி சாக்கு. கை பார்க்காத சாம்பல் வாசல் தாண்டாது. எங்கள் கால்வாயில் யாரைப் பார்த்தாலும் வலது கையில் மட்டும் முடி இருக்காது, அதை வைத்தே சந்தையில் எங்களை அடையாளம் சொல்வார்கள்.

இனி வாகியெம்மின் கதைக்கு வருகிறேன்.

வாகியெம் எனக்கு மூன்றாம் வீடு. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் குடிசையின் களிமண் தரை அவன் மிதித்தது. மகன் எதிர்க்கரை வீடுகளுக்கு அப்பால் பனந்தோட்டக் கம்பெனியில் குலை வெட்டுகிறான், அங்கேயே வரிசை வீட்டில் ஒரு அறை. அம்மாவை அங்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். வந்தால் அவள் நிலம் கம்பெனிக்குப் போகும். ஏற்கெனவே அப்படி நாலைந்து வீடு போய், அவர்கள் பாத்தி இருந்த இடத்தில் பனை நிற்கிறது. வாகியெம் போக மாட்டாள். அவளை இந்தக் கரையில் பிடித்து வைத்திருந்தது கீரைப் பாத்தி, பாத்தியைப் பிடித்து வைத்திருந்தது சாம்பல் குடிசை. குடிசை போனால் அடுத்த மழைக்கு நடுகிற குச்சாய் ஊதாவாகும், அதற்கடுத்த மழைக்கு அவள் அந்த வரிசை வீட்டில் பேரனின் துணியைத் துவைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் விஷயம். இதில் அவளுக்கு ஒரு மயக்கமும் இல்லை.

நான் சொல்லப்போகிற சங்கதிக்கு முந்தைய வருஷம் கம்புட் எரிந்து பெரும்புகை. பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தோம். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பச்சைக் குழந்தையை நகர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால் அடுத்த வருஷம் வெயில் ஏற ஆரம்பித்ததுமே மாவட்டத்திலிருந்து தீத்தடுப்பு அதிகாரி வந்துவிட்டார். ஹெர்லம்பாங் என்று பெயர், ஐயா என்கிற மரியாதைக்கு பாக் ஹெர்லம்பாங் என்போம். ஒல்லியான மனுஷர், பேசும்போது நடுநடுவே இருமுவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

கிராம மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார். இனி நெருப்பு என்ற பேச்சே இல்லை என்றார். வருகிற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் ஒவ்வொரு சாம்பல் குடிசையும் காலியாகி, பிரித்துப் போட்டிருக்க வேண்டும். பதிலுக்கு வீட்டுக்கு இரண்டு நீல மூட்டை உரம். கிராமத் தலைவர் ஜுமாடி பக்கத்தில் நின்று தலையாட்டினார். எங்கள் ஆட்களும் ஆட்டினார்கள். அதிகாரி முன்னால் தலையாட்டுவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாகியெம் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அடுப்பையும் சேத்து ஒடைக்கணுமா பாக்? நாளைக்கு வந்தீங்கன்னா எங்க வீட்டுலயும் புகை வரும். காப்பி போடுவேன்."

மண்டபம் சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, நெருப்பு என்றால் நெருப்புதான் அம்மா என்றார்.

"என் குடிசையில நெருப்பே இல்லையே. தண்ணி கோட்டுக்குக் கீழ போச்சு, மூட்டுறத நிறுத்தியாச்சு. சாம்பல்தான் தூங்குது. தூங்குறத எழுப்பி வெளிய தள்ளச் சொல்றீங்க."

உரத்தைப் பற்றியும் சொன்னாள். முதல் மழைக்குக் கால்வாயில் போகிறதை மீனுக்கு நேராகவே போட்டுவிடலாமே, நடுவில் நான் எதற்கு என்றாள். போன வருஷம் பனந்தோட்டக் கம்பெனி நிலம் திருத்தக் கொளுத்தியதே, அங்கே போய் யார் தடுத்தது என்றும் கேட்டாள். பாக் ஹெர்லம்பாங் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். பிறகு நிதானமாக ஒன்று கேட்டார். நீங்கள் சொல்கிற வழக்கம் நல்லதாகவே இருக்கட்டும், நாற்பது குடிசையில் ஒருத்தர் ஒருநாள் அசந்துவிட்டால்? வாகியெம் வாயைத் திறந்தாள், மூடினாள், உட்கார்ந்தாள்.

ஆனால் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. எல்லோரும் வரிசையில் நின்று போட்டபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கால்வாயோரம் தகரம் பிரிக்கிற சத்தம். அநேகமாக எல்லோர் சாம்பலும் ஏற்கெனவே தூங்கி எழுந்திருந்தது, அதனால் அள்ளிப் பாத்தியில் போட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். பிரித்த தகரம் முற்றத்தில் சாய்ந்து நின்றது. நீல மூட்டைகள் வந்து இறங்கின. வாகியெம் தன் பங்கை வாங்கவே இல்லை, படகுக்காரன் அதை அவள் வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போக, வாத்துகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. அவள் குடிசை மட்டும் நின்றது.

அவளுக்கு அடுத்த நிலம் காசிரானுடையது. காசிரான் நாற்பது வயதுக்காரன், பயந்த சுபாவம். பயத்தை மூட எப்போதும் ஒரு நையாண்டியைக் கைவசம் வைத்திருப்பான். அவன் பெண்டாட்டி முர்னி. முர்னியின் தம்பி கடலோரத்தில் நண்டு பிடிக்கிறவன், வாரம் ஒருமுறை ஒரு கூடை நண்டு ஓடு அனுப்புவான். அதனால் இந்தக் கால்வாயிலேயே நண்டு ஓட்டுச் சாம்பல் காசிரானிடம் மட்டும்தான். அவன் குச்சாய் எல்லோருடையதையும்விட ஒரு சுற்று பெரிசு. அதில் அவனுக்குப் பெருமை.

வேலியோரம் நின்று அவன் வாகியெம்மைச் சீண்டினான்.

"என்ன யெம்மக்கா, அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்கிற. வயசான காலத்துல ஜெயில் சோறு மெல்ல முடியுமா?"

"அங்க சாம்பல் விக்கலாம்னா சொல்லு, இன்னிக்கே போறேன்" என்றாள் அவள்.

வெள்ளி போனது, அதிகாரி வரவில்லை. அடுத்த வாரமும் பாதி போனது. ஒரு காலை வாகியெம் வாத்துகளைத் திறந்துவிட்டபோது அவை வேலி மூலைப் பக்கம் போகவில்லை. போகிற மாதிரி போய், காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மூலையில் கால் வைத்தாள். தரை சுட்டது.

அவள் போட்ட கூச்சலில்தான் நாங்கள் எழுந்தோம். அவள் நிலத்துக்கும் காசிரான் நிலத்துக்கும் நடுவே நின்ற ரம்புத்தான் மரத்தடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பெரிய மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது, கீழே வேரே இல்லை. கால்வாயிலிருந்து வாளி வாளியாகக் கை மாற்றினோம். தண்ணீர் வற்றிக் கிடந்ததால் பாதி வாளி சேறு. மாவட்டத்திலிருந்து தீயணைக்கிற பையன்கள் வந்து, கூர்முனைக் குழாயைத் தரைக்குள் குத்திக் குத்தித் தண்ணீரை இறக்கினார்கள். நாள் கணக்கில் அந்தப் போராட்டம். வாகியெம் வீட்டுக்குப் போகவே இல்லை, முகம் முழுக்கக் கரி, கண் மட்டும் சிவப்பு. ஒருவழியாக அடங்கியபோது காசிரானின் நல்ல பாத்திகள் எல்லாம் குழிக்குள் போயிருந்தன. வாகியெம்முக்கும் இரண்டு போயிற்று. ஒரு வீடும் எரியவில்லை, அது எங்கள் புண்ணியம்.

நெருப்பு அணைந்ததும் வாய்கள் பற்றிக்கொண்டன. நின்ற குடிசை ஒன்றுதான், அதற்குப் பக்கத்தில்தான் தீ. இதற்கு மேல் என்ன வேண்டும்? முர்னி வேலியில் நின்று, அந்தக் கிழவியின் பிடிவாதம் என் குச்சாயைத் தின்றுவிட்டது என்று ஊரே கேட்க அழுதாள். வாளி மாற்றியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசிரான் வீட்டுக்குள்ளேயே இருந்தான். பாக் ஹெர்லம்பாங் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆட்களோடு வந்து குடிசையை எடுத்துவிடுவோம் என்றார். தீக்குக் காரணமானவர் மேல் புகாரும் போகும், அது தன் கையில் இல்லை என்றார். வாகியெம் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படகு திரும்பியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். நான் கரையில் நின்றேன், பிடித்துத் தூக்க ஒரு ஆள் வேண்டுமே. கம்புட் எரிந்தால் தரை உள்வாங்கும். நெருப்பு எங்கே அதிக நேரம் உட்கார்ந்ததோ அங்கே குழி ஆழமாக இருக்கும். அவள் குடிசைப் பக்கம் குழி ஆழமில்லாமல்தான் இருந்தது. ஆழம் போகப் போக அது காசிரானின் பாத்திப் பக்கமே போயிற்று. அவன் பாத்தி இருந்த இடத்தின் நடுவில் அவள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டாள். குனிந்து எதையோ பொறுக்கினாள். சாம்பலைத் துடைத்து எனக்குக் காட்டினாள்.

வெந்து வெளுத்த நண்டுக் கொடுக்கு.

நான் பேர் சொல்ல வாயெடுத்தேன். "வாய மூடு" என்றாள். இன்னும் நாலைந்து துண்டைப் பொறுக்கிச் சாரத்தின் மடியில் செருகிக்கொண்டு கை நீட்டினாள், தூக்கிவிட்டேன்.

நேராகக் காசிரான் வீட்டுப் பின்பக்கம் போனாள். நானும் போனேன், யாரும் வராதே என்று சொல்லவில்லை. முர்னி கடைக்குப் போயிருந்தாள். காசிரான் படியில் உட்கார்ந்து, தீட்டத் தேவையில்லாத அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். வாகியெம் மடியிலிருந்ததை அவன் பக்கத்தில் படியில் வைத்தாள்.

அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்தான்.

"கடல்லேர்ந்து நடந்து வந்திருக்கும் யெம்மக்கா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அப்புறம் கொட்டிவிட்டான். தண்ணீர் கோட்டுக்கு இறங்குகிறதற்கு முந்தின நாள்தான் அவன் கடைசியாக மூட்டினான். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கலாமென்று பெரிய மூட்டம். வெள்ளிக்குள் அது ஆறாது என்று தெரியும். அதிகாரியிடம் போய் இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்கப் பயம். வியாழக்கிழமை கால்வாய் முனையில் அவருடைய படகைப் பார்த்திருக்கிறான். ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் வாரிப் பாத்தியில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டான்.

"கை வச்சியா?" என்றாள் வாகியெம்.

"வச்சேன்."

"ஓதி முடிச்சியா?"

"ஆரம்பிக்கவே இல்லக்கா. அதுக்குள்ள எடுத்துட்டேன்."

அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. முர்னியிடம் வாணலி சுட்டது என்று சொல்லியிருந்தானாம்.

நீ சொல்லிவிடுவாயா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவன் பார்வை அதைத்தான் கேட்டது. வாகியெம் படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன்னப் புடிச்சுக் குடுத்துட்டு என் குடிசையக் காப்பாத்திக்கிறதா இருந்தா, நான் இங்க வந்திருக்க மாட்டேன், அங்க போயிருப்பேன். ஒம் பேரு என் வாயிலேர்ந்து வராது. ஆனா ஒண்ணு, குடிசையையும் விட மாட்டேன்."

அவன், இப்போதைக்கு விட்டுக்கொடு, அவர்கள் மறந்தபிறகு நானே கம்பம் நட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினான். அவள் எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பயந்து பயந்துதானே சாம்பலைத் தூங்க விடாமல் எழுப்பினாய், இன்னும் பயம் தீரவில்லையா என்றாள். அப்படியே வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை கால்வாயின் இரண்டு கரையிலும் ஆட்கள். படகில் கடப்பாரையோடு நாலு பேர், பாக் ஹெர்லம்பாங், ஜுமாடி. வாகியெம் குடிசைக்குள் சாம்பல் மேட்டின்மேல் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காப்பிக் குடுவை, வறுத்த வாழைப்பழம் ஒரு தட்டில். பயணம் போகிறவள் மாதிரி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

ஜுமாடி முதலில் நயமாகப் பேசினார். பிறகு கொஞ்சம் சத்தமாகப் பேசினார். அவள் அவருக்கு வாழைப்பழத் தட்டை நீட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்துவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பாக் ஹெர்லம்பாங் குடிசை வாசலில் குந்தி உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. குழியை ஆள் விட்டுப் பார்த்தோம், உங்கள் பக்கத்திலிருந்து நெருப்பு வந்த மாதிரி இல்லை என்று சொன்னார்கள் அம்மா என்றார். அப்படியானால் வேறு யாரோ. யாரென்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், இந்தக் குடிசையைப் பற்றி நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்ததை நான் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள் வாகியெம்.

கரையில் அத்தனை பேரும் குடிசைப் பக்கம் கழுத்தை நீட்டினோம்.

"தெரியும். சொல்ல மாட்டேன். பேரு வேணும்னா ஒங்க உத்தரவோட பேர எழுதிக்கோங்க. ஒரு வாரம் தூங்க வேண்டிய சாம்பல ஒரு மத்தியானத்துல வெளிய வரச் சொன்னது அதுதான். அன்னிக்குக் கேட்டீங்களே, ஒருத்தர் அசந்தா என்னன்னு. எனக்குப் பதில் தெரியல. இப்பத் தெரியுது. யாரும் அசரல பாக். பயந்தாங்க."

பாக் ஹெர்லம்பாங்குக்குப் பின்னால் கடப்பாரைக்காரர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஜுமாடி அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் எழுந்தார். எனக்கு வேறு வழி இல்லை அம்மா, எழுந்திருங்கள் என்றார். அவள் காப்பியைக் குடுவை மூடியில் ஊற்றிக்கொண்டு, நீங்கள் கம்பத்தைப் பிடுங்குங்கள், நான் எழுந்திருக்க மாட்டேன், தகரம் தலையில் விழட்டும் என்றாள்.

முதல் கடப்பாரை கம்பத்தடியில் இறங்கியபோது வேலி முறிகிற சத்தம் கேட்டது. காசிரான் சுற்றி வரப் பொறுமையில்லாமல் வேலியை மிதித்துக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. குடிசைக்குள் புகுந்து, வாகியெம் உட்கார்ந்திருந்த மேட்டின் ஈரச் சாக்கை விலக்கி, புண்ணான வலது கையை முழங்கை வரை சாம்பலுக்குள் நுழைத்தான். நுழைத்துவிட்டுச் சத்தமாக ஓத ஆரம்பித்தான்.

கண்ணுகளா, அந்த ஏழு வரியையும் என் ஆயுளில் எத்தனை முறை கேட்டிருப்பேன். அன்று கேட்ட மாதிரி கேட்டதில்லை. அவன் ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓதினான். நடுவில் குரல் உடைந்தது, மறுபடி பிடித்தான். கடைசியில் கரையில் நின்ற எல்லோரும் ஆமீன் சொன்னோம், கடப்பாரைக்காரர்களும் சொன்னார்கள். அவன் கையை எடுத்து உயர்த்திக் காட்டினான். முழங்கை வரை நரைத்த கை.

"இது தூங்கின சாம்பல். என்னோடது தூங்கல. தீ என் பாத்தியிலேர்ந்துதான் வந்துச்சு."

முர்னி கரையில் இருந்த பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாக் ஹெர்லம்பாங் வெகுநேரம் இருமினார். பிறகு, இதை நான் கேட்டுவிட்டால் எழுத வேண்டியிருக்கும் தம்பி என்றார். காசிரான் தலையாட்டினான். எதற்கும் ஆட்டுகிற அந்தப் பழைய ஆட்டம் இல்லை அது.

"எழுதுங்க" என்றாள் வாகியெம், மேட்டிலிருந்து இறங்காமலே. "கூடவே வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொன்னது யாருன்னும் எழுதுங்க. ரெண்டு பேரையும் சேத்தே கூப்பிடட்டும். நாங்களும் துணைக்கு வர்றோம், படகு இருக்கு."

அவர் எதையும் எழுதவில்லை. எழுதப் போகிறாரா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வேறு ஒரு சத்தம் கேட்டது. பலகைப் பாதையில் தகரம் இழுபடுகிற சத்தம். முர்னி தன் முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த கூரைத் தகரத்தை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு தன் பழைய குடிசை இருந்த இடத்துக்குப் போனாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை காலியாக இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. அங்கே களிமண் தரை அப்படியே இருந்தது. தகரத்தை அதன்மேல் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பினாள். எதிர்க்கரையில் இன்னொரு வீட்டில் தகரம் இழுபட்டது. பிறகு அதற்கடுத்த வீட்டில். கொஞ்ச நேரத்தில் கால்வாய் முழுக்க அந்தச் சத்தம்தான், பேசினால் காது கேட்காது. நானும் என்னுடையதை இழுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை.

பாக் ஹெர்லம்பாங் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாற்பது குடிசையையும் பிடுங்க நாலு கடப்பாரை போதாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆட்களைப் படகில் ஏறச் சொன்னார். ஏறுவதற்கு முன் கால்வாய்க் கம்புக்குப் பக்கத்தில் நின்று சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தண்ணீர் அதற்கு வெகு கீழே கிடந்தது.

"நான் மறுபடி வருவேன்மா" என்றார்.

"வாங்க பாக். வர்றப்ப சந்தையில நிறுத்தி மீன் தலை வாங்கிட்டு வாங்க. மழை வரப்போகுது."

காசிரானை நகரத்துக்குக் கூப்பிடத்தான் செய்தார்கள். இரண்டு படகு நிறைய நாங்களும் போனோம். அலுவலக வாசலில் அத்தனை பேரும் பாய் விரித்து உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்ததைப் பார்த்து, உள்ளே என்ன நினைத்தார்களோ, திட்டி எச்சரித்துச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது படகில் அவன், ஜெயில் சோறு மெல்லவே விடவில்லையே இந்தப் பாவிகள் என்றான். அன்று எல்லோரும் சிரித்தோம்.

மழை வந்தது. தண்ணீர் கோட்டைத் தாண்டியது. வாகியெம் தூங்கின சாம்பலை வாரிப் பாத்தி போட்டாள். காசிரானுடைய குழியைச் சுற்றிலும் இருந்த மண்ணில் பாதிக்கு அவள் சாம்பல்தான் போயிற்று, நண்டு ஓடு இல்லாத சாம்பல் என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போட்டான். குச்சாய் பச்சையாக எழுந்தது, எங்கேயும் ஊதா இல்லை.

பாக் ஹெர்லம்பாங் சொன்ன மாதிரியே மறுபடி வந்தார். குடிசைகளைச் சுற்றிப் பார்த்தார், களிமண் தரையைக் குச்சியால் குத்திப் பார்த்தார், புது உத்தரவு இன்னும் வரவில்லை என்றார். வரும் என்றும் சொன்னார். வாகியெம் அவருக்குக் காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரை பொறுமையாக இருந்துவிட்டு, அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"மீன் தலை எங்க?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை கொண்டுவராமல் வந்தால் படகைக் கட்ட விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மூட்டம் போட உள்ளே போனாள்.